பொட்டலத்தில் ஒரு போன் நம்பர் இல்லை

போன வாரம் ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். எட்டு வருடமாக முறுக்கு சுட்டு விற்றவர். வியாபாரப் பதிவை ரத்து செய்ய வேண்டுமாம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "கடைசி ஈடு தம்பி, பிள்ளைங்களுக்குக் கொடுங்க." வெறும் கண்ணாடிப் பை, வாயில் ஸ்டேப்ளர் ஊசி. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்த வருடம் இப்படி மூட வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேர் கணக்கிலும் மாவு, எண்ணெய், கேஸ், வாடகை எல்லாம் இருக்கிறது. விளம்பரத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடப் போகவில்லை. கேட்டால் நால்வருக்கும் ஒரே பதில்: "பொருள் நல்லா இருந்தா ஆள் தானா வரும்."

இதைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப் போகிறது. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் அது உண்மைதான். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் முறுக்கு சுட்டால் பத்து வீட்டுக்கு வாசம் போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒருவர் சொன்னால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். அந்தத் தோட்டம் இன்று எங்கே இருக்கிறது? ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம் ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) தாமானாகப் பிரிந்து போனார்கள். பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். முறுக்கு வாசம் அவ்வளவு தூரம் போகாது. நல்ல பொருள், ஒருமுறை வாங்கியவரைத் திரும்ப வரவைக்கும். முதல்முறை வரவேண்டியவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாதே!

அக்காவின் முறுக்கு தீபாவளிக்குத் தீபாவளி சிங்கப்பூர் வரை போயிருக்கிறது. அங்கே வேலையிடத்தில் பகிர்ந்து தின்றவர்கள் இன்னும் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? எட்டு தீபாவளி இப்படியே போயிருக்கிறது.

இத்தனைக்கும், பொட்டலம் கட்டி விற்கும் உணவில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளே சொல்கின்றன. லேபிள் எப்படியும் ஒட்டத்தான் வேண்டும். அதிலேயே போன் நம்பரையும் போடுங்கள்.

அப்புறம் உங்கள் கடன் நோட்டு. அதைத் திட்டிக்கொண்டே திறக்கிறீர்கள், ஆனால் யார், எந்த மாதம், எத்தனை பாக்கெட் வாங்கினார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒழுங்காகப் பணம் கட்டியவர்களைப் பிரித்தெடுத்து, சம்மதம் கேட்டு, வாட்ஸ்அப்பில் சேருங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டுப் பட்டியல் வைக்கலாம், இலவசம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் இலவசம். வாங்குபவர்களுக்குச் சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும், அதை ஒட்டிச் செய்தி அனுப்புங்கள். 25ஆம் தேதி அனுப்பிவிட்டு யாரும் வாங்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

விலை போடும்போது உங்கள் கூலியைச் சேருங்கள். அக்கா அதைச் சேர்க்கவே இல்லை. பிறகு விளம்பரத்துக்குக் காசு எங்கிருந்து வரும்? வியாபாரத்துக்காகச் செய்யும் விளம்பரச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம், ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நகையை அடகு வைத்து விளம்பரம் செய்யாதீர்கள். ஃபேஸ்புக்கில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்பவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள், அந்தப் பத்தாயிரம் பேரும் முறுக்கு வாங்கப் போவதில்லை. சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரை போடுவது குற்றம். பெயர்ப் பலகைக்கு நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுங்கள், தேசிய மொழி முதன்மையாக இருக்கட்டும், தமிழையும் விட்டுவிடாதீர்கள்.

தயவு செய்து, மூடுவதற்கு வரும் முன் ஒருமுறை வாருங்கள். கடன் நோட்டையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு நான் பணம் வாங்குவதில்லை.