கவசம் முகத்தோடு சேரும் இடம்

சேலத்தைச் சுற்றியுள்ள கல் அறுக்கும் பட்டறைகளிலும் ஜல்லி கிரஷர்களிலும் வேலை செய்கிறவர்களை நெஞ்சக நோய் மருத்துவனாகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இருமலோடு வந்த ஒருவர், "மாஸ்க் போட்டுத்தான் சார் வேலை செய்யறேன்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். வெளிப்புறத்தில் சாம்பல் படிந்திருந்ததில் வியப்பில்லை. உட்புறத்திலும், மூக்கின் இரு பக்கமும் பொருந்த வேண்டிய இடத்தில், விரலால் இழுத்ததுபோல் இரண்டு சாம்பல் கோடுகள் இருந்தன. அவர் இழுத்த காற்றில் ஒரு பகுதி வடிகட்டியைத் தொடாமலேயே அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. மாஸ்க் நல்ல மாஸ்க்தான். அது அவர் முகத்தோடு சேரவில்லை.

கருங்கல்லை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசிக்கே அதிகம் அஞ்ச வேண்டும். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஏறத்தாழ 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான, கல்லில் உள்ள சிலிக்கா என்ற பொருளின் துகள்களோ நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயில் விழுந்த தழும்பை அகற்ற மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். துண்டின் நெசவில் உள்ள கண்கள் இத்துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், அதனால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்குமே தவிர நுரையீரலுக்குப் பெரிய பயனில்லை. நீல நிற அறுவை சிகிச்சை மாஸ்க்கும் பக்கவாட்டில் திறந்தே இருப்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

இந்த வேலைக்கு ஏற்றது என்95 மாஸ்க். அந்தப் பெயரில் உள்ள 95, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டி தடுக்கிறது என்பதைக் குறிக்கும். அதைவிடச் சிறிய துகள்கள் எளிதில் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை வேறு. வடிகட்டி மாவுச் சல்லடைபோல் வேலை செய்வதில்லை. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழைகளில் மோதி நிற்கிறது. மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து இழையில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் துகளைப் பிடிப்பதுதான் கடினம் என்பதால் அந்த அளவிலேயே சோதிக்கிறார்கள். இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னூட்டமும் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. எனவேதான் மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைப்பதோ சானிடைசர் தெளிப்பதோ கூடாது. பார்ப்பதற்குப் புதிதாகத் தெரியும், ஆனால் அந்த மின்னூட்டம் குறைந்து வடிகட்டும் திறன் போயிருக்கும். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 9473-இன்படி எஃப்எஃப்பி2 என்று குறிக்கப்பட்டவையும் ஏறக்குறைய இதே காப்பைத் தருபவை.

காதில் மாட்டும் நாடாவைவிடத் தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகள் உள்ளதையே நான் பரிந்துரைக்கிறேன். மேல்பட்டை உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னாலும், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியிலும் அமைய வேண்டும். மூக்கின் மேல் வரும் உலோகக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரு கை விரல்களாலும் மூக்கின் வடிவுக்கு அழுத்திவிட வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு மூச்சை வேகமாக விட்டால் காற்று கண் பக்கம் அடிக்கக் கூடாது. மூச்சை இழுத்தால் மாஸ்க் லேசாக உள்ளே ஒடுங்க வேண்டும். "இது போட்டால் மூச்சு விடச் சுலபமாக இருக்கிறது" என்று யாராவது புகழ்ந்தால், விளிம்பில் எங்கே இடைவெளி என்றுதான் நான் தேடுவேன். மாறாக, மூச்சிழுக்க வழக்கத்தைவிடச் சிரமமானால் வடிகட்டி தூசியால் அடைத்துவிட்டது. அதை மாற்றிவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருந்து வருகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலிஷ் போடும்போது பறக்கும் தூசிக்கு இந்த மாஸ்க் போதும். வெள்ளியை நைட்ரிக் திராவகத்தில் இடும்போது எழும் செம்பழுப்புப் புகைக்கு இது எள்ளளவும் தடையாகாது. அந்தப் புகையைச் சுவாசித்தவர் அப்போது நன்றாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறக்கூடும். அதற்குப் புகைபோக்கியும், அந்த வாயுவுக்கென்றே செய்த குப்பி பொருத்திய கவசமும் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த கிணற்றிலோ தொட்டியிலோ எந்த வடிகட்டி மாஸ்க்கும் உயிரைக் காக்காது.

கல் பட்டறையில் மாஸ்க் கடைசித் தடுப்புதான். அறுக்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் விழும்படி ஒரு குழாயை அமைத்தாலே காற்றில் கலக்கும் தூசி வெகுவாகக் குறைந்துவிடும். இதைச் செய்யாமல் மாஸ்க்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் முதலாளிகள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

இருமலோடு வந்தவருக்கு விளிம்பு ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் எளியது. அது கார்த்திகை மாதம். மாலை போட்டிருந்தார், முகத்தில் மூன்று வாரத் தாடி. ஒன்றிரண்டு நாள் வளர்ந்த முடியே இடைவெளி உண்டாக்கப் போதும். விரதத்தைக் கலைத்து மழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அவசியமும் இல்லை. மலைக்குப் போய் வரும்வரை அவரை அறுப்புச் சக்கரத்தின் பக்கம் நிறுத்தாமல், தூசியில்லாத வேறு வேலை கொடுக்கும்படி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முதலாளியும் ஒப்புக்கொண்டார், அந்தப் பட்டறையில் மேலும் நான்கு பேர் மாலை போட்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.