ஃபேஸ்லிஃப்ட்: வெளிமெருகும் உட்குறைப்பும்

ஒரு கார் விற்பனைக்கு வந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆனதும், முன்விளக்கு, கிரில், பம்பர், சக்கர வடிவம் போன்றவற்றை மாற்றி அதே காரை மறுபடி அறிமுகம் செய்வார்கள். இந்த மாற்றத்துக்குத்தான் ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர். தமிழ் வாகனச் செய்திகளிலும் இந்தச் சொல் அப்படியே புழங்குகிறது. "ஃபேஸ்லிஃப்ட் வரப்போகுதாமே, காத்திருந்து வாங்கலாமா?" என்பது கார் வாங்கப் போகிற வீட்டில் கட்டாயம் எழும் கேள்வி. புதிய தலைமுறை என்பது வேறு. அதில் வண்டியின் அடித்தளமும் உடற்கூடும் புதிதாக வரும். ஃபேஸ்லிஃப்டில் எலும்புக்கூடு பழையது, தோற்றம் மட்டும் புதியது.

சொல் பிறந்த இடம் அறுவை மருத்துவம். வயதாகித் தொங்கும் முகத்தோலை இழுத்துத் தைத்து, மிச்சத்தை வெட்டியெடுக்கும் சிகிச்சை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தொடங்கியது. மருத்துவர்கள் அதை ரைட்டிடெக்டமி என்பார்கள். கிரேக்கத்தில் ரைட்டிஸ் என்றால் தோல் சுருக்கம், எக்டோமி என்றால் வெட்டியெடுத்தல். பேச்சு வழக்கில் அது 'முகத்தைத் தூக்கிவிடுதல்' என்ற பொருளில் ஃபேஸ்லிஃப்ட் ஆனது. பிறகு கட்டடங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் போய், கார்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மருத்துவத்தில் இருந்த பொருள் கார்களிலும் மாறவில்லை. ஆளுக்கு வயது குறைவதில்லை, பார்வைக்குத்தான் குறைகிறது.

சொல் பிறகு வந்தாலும், கார்களில் இந்த வழக்கம் 1920களிலேயே அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. அதற்கு எதிராக ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், ஆண்டுக்கு ஆண்டு தோற்றத்தை மாற்றுவது என்ற வழியைப் பிடித்தார். 1927இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் தோற்ற வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. போன வருடத்து வண்டி பழசாகத் தெரிந்தால் ஆட்கள் புதியதை வாங்குவார்கள் என்பதே கணக்கு. ஃபோர்டு கடைசியில் மாடல் டி-யை நிறுத்த வேண்டி வந்தது.

மற்ற மொழிக்காரர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஜெர்மானியர்களின் பொதுச்சொல் மொடெல்ஃப்ளேகெ, அதாவது மாடலைப் பேணுதல். ஃபோக்ஸ்வாகன் தன் வழக்கில் அதை ப்ரொடுக்ட்டவ்ஃப்வெர்ட்டுங் என்கிறது, பொருளின் மதிப்பை உயர்த்துதல் என்று அர்த்தம். பிஎம்டபிள்யூ 'எல்சிஐ' (லைஃப் சைக்கிள் இம்பல்ஸ்) என்று ஒரு சுருக்கத்தை வைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் ரிஃப்ரெஷ் என்பார்கள், ஜப்பானியர்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்த மைனர் சேஞ்சைத் தங்கள் உச்சரிப்பில் சொல்வார்கள். இத்தனையிலும் ஃபேஸ்லிஃப்ட் ஒன்றுதான் மாற்றம் முகத்தில் என்பதை மறைக்காமல் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சரி, ஏன் முகத்தை மட்டும் மாற்றுகிறார்கள்? கதவு, கூரை, பக்கவாட்டுத் தகடு எல்லாம் எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்பவை. அந்த அச்சுகள் மிகவும் விலை கூடியவை, லட்சக்கணக்கான வண்டிகள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அதோடு விபத்தில் அடியைத் தாங்கும் அமைப்பும் அந்த உடற்கூட்டோடு சேர்ந்தது. அதைத் தொட்டால் சோதனைகளை எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். பம்பரோ பிளாஸ்டிக். விளக்கு, கிரில், சக்கரம் எல்லாம் தனியே கழற்றி மாட்டக்கூடியவை. அதனால் ஒரு வண்டி புதிய தலைமுறையா, ஃபேஸ்லிஃப்டா என்று தெரிய வேண்டுமானால் கதவையும் ஜன்னல் கோட்டையும் பாருங்கள். அவை மாறவில்லை என்றால் விளம்பரம் என்ன சொன்னாலும் அது ஃபேஸ்லிஃப்ட்தான்.

இந்தச் சொல்லின் கனம் முழுதாகப் புரிய ஹாட் ஹேட்ச் வகைக் கார்களைப் பார்க்க வேண்டும். ஹேட்ச் என்பது கப்பல் தளத்தில் மேலே தூக்கித் திறக்கும் மூடி. பின்கதவு அப்படி மேல்நோக்கித் திறக்கும் கார் ஹேட்ச்பேக். அந்தச் சாதாரணக் குடும்பக் காரில் பெரிய இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும் போட்டால் அது ஹாட் ஹேட்ச். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல ஒரே சாடை. வேறுபாடெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் இருக்கிறது, வாங்குபவர் கூடுதல் பணம் கொடுப்பதும் அவற்றுக்காகத்தான். ஆகவே மெருகு கூடினாலும் உள்ளே ஒன்று குறைந்தாலும் இந்த வகையில்தான் அதிகம் உறைக்கும்.

1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் குடும்பக் காருக்கு ஹாட் ஹேட்ச் வடிவமான கோல்ஃப் ஜிடிஐ காட்டப்பட்டது, 1976இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறையில் மட்டும் 4,60,000க்கு மேல் விற்றது. கிரில்லைச் சுற்றி ஓடும் சிவப்புக் கோடு, கட்டம் போட்ட இருக்கைத் துணி, கோல்ஃப் பந்து வடிவிலான கியர் குமிழ் என்று அதை அடையாளம் காட்டியவை எல்லாமே சின்னச் சின்ன ஒப்பனைகள்தான். இருக்கைத் துணியும் குமிழும் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. பெரிய செலவில்லாத இந்த ஒப்பனை, உள்ளே இருந்த திறமையை வெளியே சொன்னது. ஒப்பனைக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது.

அந்த முதல் ஜிடிஐக்கே இடையில் ஃபேஸ்லிஃப்ட் நடந்தது. 1980இல் பின்விளக்குகள் பெரிதாயின, டேஷ்போர்டு மாறியது. 1982இல் இன்ஜின் 1.8 லிட்டராகி 112 குதிரைத்திறனுக்குப் போனது. இரண்டு குதிரைதான் கூடியது என்றாலும் இழுவை நன்றாகக் கூடியது. அந்தப் பழைய ஃபேஸ்லிஃப்டில் தோற்றமும் உள்ளிருப்பும் சேர்ந்தே வளர்ந்தன.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. நான்காம் தலைமுறையில் ஜிடிஐ என்பது கிட்டத்தட்ட ஒரு பெயர்ப்பட்டையாகச் சுருங்கியது. சிவப்புக் கோட்டையே எடுத்துவிட்டார்கள். 115 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 2 லிட்டர் இன்ஜினோடும் அந்தப் பெயர் விற்கப்பட்டது. 2004இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் சிவப்பு விளிம்பும் கட்டம் போட்ட துணியும் திரும்பின. அவற்றோடு 200 குதிரைத்திறன் டர்போ இன்ஜினும் வந்ததால்தான் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு டீகன்டென்டிங் என்ற சொல் இருக்கிறது. கன்டென்ட் என்பது வண்டிக்குள் இருப்பவை, அவற்றை ஒவ்வொன்றாகக் குறைப்பது டீகன்டென்டிங். ஒரு வண்டிக்கு 100 ரூபாய் மிச்சப்படுத்தினால் ஒரு லட்சம் வண்டிக்கு ஒரு கோடி. அதனால் எங்கே கைவைத்தால் ஷோரூமில் தெரியாது என்று தேடித் தேடிக் கைவைப்பார்கள். பானெட்டைத் தானாகத் தாங்கும் வாயுத் தண்டு போய்ச் சாதாரணக் கம்பி வரும். பின் இருக்கைக் கதவுகளின் மேற்பகுதியில் மெத்தென்று இருந்த பிளாஸ்டிக் கெட்டியாகும். ஸ்டெப்னி போய்ப் பஞ்சர் ஒட்டும் டப்பா வரும். டிக்கியின் உட்புற விரிப்பு மெலியும், பானெட்டின் உட்பக்கத்தில் பெயின்ட் மங்கலாக இருக்கும். வாங்கிய மறுநாள் இதெல்லாம் கண்ணில் படாது. மூன்று வருடம் ஓட்டியவர்தான் புலம்புவார்.

கண்ணில் படாத இடம் என்றால் சஸ்பென்ஷனை மிஞ்சியது எதுவும் இல்லை. கோல்ஃபின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளில் எல்லா மாடல்களுக்கும் பின்புறம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருந்தது, அதாவது இரு பின்சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் அமைப்பு. ஏழாம் தலைமுறையில் குறைந்த திறன் கொண்ட மாடல்களுக்கு அதை எடுத்துவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே தண்டால் இணைக்கும், விலை குறைந்த டார்ஷன் பீம் வைத்தார்கள். ஜிடிஐ போன்ற கூடுதல் திறன் மாடல்களுக்குப் பழையபடி மல்டிலிங்க். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா செடானில், 2011 மாடலில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஆரம்ப விலையை 16,000 டாலருக்குக் கீழே கொண்டுவர, பின்புறம் டார்ஷன் பீம், டிரம் பிரேக், கெட்டிப் பிளாஸ்டிக் டேஷ்போர்டு என்று இறங்கினார்கள். வண்டி நன்றாக விற்றது, ஆனால் திட்டும் நிறைய விழுந்தது. 2014 மாடலில் எல்லா ஜெட்டாவுக்கும் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் திரும்பி வந்தது.

என்னை மிகவும் எரிச்சல்படுத்திய உதாரணம் எட்டாம் தலைமுறை கோல்ஃப். 2019இல் வெளிவந்த அந்தக் காரில் பொத்தான்கள் பெரும்பாலும் மறைந்தன. ஏசியின் குளிரையும் பாட்டின் ஒலியையும் திரைக்குக் கீழே உள்ள ஒரு தொடுபட்டையில் விரலைத் தேய்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பட்டைக்கு உள்ளே விளக்கே கிடையாது! இரவில் ஓட்டுகிறவர் அதைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜிடிஐயின் ஸ்டியரிங்கிலும் பொத்தானுக்குப் பதில் தொடுபரப்பு. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளங்கை பட்டு ஏதோ ஒன்று இயங்கிவிடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனி இணைப்பு, தனிச் சோதனை வேண்டும், தொடுபரப்பில் அந்தச் செலவு குறையும். அதையே நவீனம் என்று சொல்லியும் விற்கலாம். வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த காரில், சாலையிலிருந்து கண்ணை எடுக்க வைக்கும் ஒரு பாகத்தைப் பொருத்துவது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2022இல் ஃபோக்ஸ்வாகன் பிராண்டின் தலைவர் தாமஸ் ஷேஃபர், ஸ்டியரிங்கில் அழுத்தும் பொத்தான்கள் திரும்பும் என்று அறிவித்தார். 2024 ஜனவரியில் ஃபேஸ்லிஃப்ட் வந்தது. ரசிகர்கள் இடையில் வரும் இத்தகைய மாடலை 'அரை' சேர்த்து எண்ணுவார்கள், ஆகவே இது 8.5. பொத்தான்கள் வந்தன, தொடுபட்டைக்குள் விளக்கு வந்தது, திரை 12.9 அங்குலமானது, திறன் 245இலிருந்து 265 குதிரைத்திறனுக்கு ஏறியது. முன்னால் கம்பெனிச் சின்னம் இரவில் ஒளிர்கிறது. ஆனால் ஜிடிஐயில் கையால் கியர் மாற்றும் வசதி போய்விட்டது, இனி தானாகக் கியர் மாற்றும் 7 கியர் டிஎஸ்ஜி மட்டும்தான். 1976இல் அறிமுகமான கோல்ஃப் பந்துக் குமிழுக்கு அதில் இடமில்லை. 2025இல் இந்தியாவுக்கு இறக்குமதியாகி ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய்க்கு வந்ததும் இதே 8.5 தான்.

நம்மூர் உதாரணம் ஒன்று. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 காரின் 'என் லைன்' (N Line) என்ற ஸ்போர்ட்டி வடிவம் 2021இல் வந்தது. 1 லிட்டர் டர்போ இன்ஜின், 120 குதிரைத்திறன், அது சாதாரண ஐ20 டர்போவிலும் இருந்ததுதான். சிவப்புக் கோடுகள், இரட்டைப் புகைக்குழல் என ஒப்பனை கூடியிருந்தது. கூடவே சஸ்பென்ஷன் இறுகியது, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. 2023இல் நடந்த ஃபேஸ்லிஃப்டில் கிளட்ச் மிதி இல்லாத ஐஎம்டி கியருக்குப் பதில் முறையான 6 கியர் மேனுவல் கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அதே சமயத்தில் சாதாரண ஐ20இலிருந்து டர்போ இன்ஜின் எடுக்கப்பட்டது. அது வேண்டுமென்றால் என் லைன்தான் வாங்க வேண்டும். இப்படி ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதற்கும் ஃபேஸ்லிஃப்ட் என்ற ஒரே சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? நாளிதழ்கள் ரயில் நிலையத்துக்கும் பூங்காவுக்கும் எழுதும் 'புதுப்பொலிவு' காருக்கும் அவ்வப்போது வருகிறது. அழகான சொல், ஆனால் அது பாராட்டு. பொலிந்தது என்று நாம் சொல்லிவிட்டால் குறைந்ததைப் பற்றிப் பேச இடமில்லை. 'மறுவடிவமைப்பு' தேவைக்கு மேல் பெரியது, அது புதிய தலைமுறைக்குப் பொருந்தும். 'முகமாற்றம்' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் பின்விளக்கையும் டேஷ்போர்டையும் விட்டுவிடுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது 'புதுக்கு' என்ற வினை. பழைய ஒன்றை இடிக்காமல், இருப்பதையே செப்பனிட்டுப் புதிதாக்குவது புதுக்குதல். கோயிலைப் புதுக்கும் செலவுக்காக விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் புதுக்குப்புறம் என்கின்றன. வீட்டைப் புதுக்கினார்கள் என்று சொல்வதும் உண்டு. ஒரு தலைமுறையின் நடுவில் நடப்பதால் ஃபேஸ்லிஃப்டை 'இடைப்புதுக்கம்' எனலாம். பேச்சில் 'புதுக்கிய மாடல்' என்றாலே போதும்.

அதற்குள் இரண்டு தனிச்சொற்கள் வேண்டும். பம்பர், விளக்கு, கோடு, ஒளிரும் சின்னம் போன்றவை 'வெளிமெருகு'. டீகன்டென்டிங் 'உட்குறைப்பு'. செலவுக் குறைப்பு என்று எழுதுபவர்கள் உண்டு, ஆனால் அது கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். செலவு அவர்களுக்குக் குறைகிறது, நமக்குக் குறைவது உள்ளே இருந்த பொருள். வாங்குபவருக்காக எழுதும்போது உட்குறைப்பு என்பதே பொருத்தம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். "1980இல் ஜிடிஐக்கு இடைப்புதுக்கம் நடந்தது, இரண்டாண்டில் இன்ஜினும் வளர்ந்தது." "2011 ஜெட்டாவில் செய்த உட்குறைப்பை 2014இல் ஓரளவு சரிசெய்தார்கள்." "எட்டரையாம் கோல்ஃபின் ஒளிரும் சின்னம் வெளிமெருகு, திரும்பி வந்த பொத்தான்கள் உண்மையான புதுக்கம், போன மேனுவல் கியர் இழப்பு." கடைசியில் உள்ளதை உட்குறைப்பு என்று எழுத மாட்டேன். ஒரு பாகத்தை மலிவாக்குவது உட்குறைப்பு. வண்டி ஓட்டும் ஒரு விதத்தையே முழுதாக எடுத்துவிடுவதற்கு 'நீக்கம்' என்ற நேரடிச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.