கடல் தண்ணீர் புண்ணை ஆற்றுமா?

கொழும்பில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். சளி, சிறுநீர், சீழ் என்று வருகிற மாதிரிகளை வளர்ப்புத் தட்டில் இழுத்து, 37 பாகை செல்சியஸ் சூட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். இதைச் சொன்னதும் அநேகமானோர் கேட்பது ஃபோனைப் பற்றித்தான். "மலசலகூடத்தை விட அதில் கிருமி கூடவாமே?"

ஃபோனைப் பஞ்சால் துடைத்துத் தட்டில் தேய்த்தால் மறுநாள் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வரும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நம் தோலிலேயே குடியிருக்கும் பற்றீரியாக்கள். ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸும் சில வேளை வரும். ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் அது சும்மா இருக்கிறது. தோல் கிழிந்த இடம் கிடைத்தால்தான் சீழ்க்கட்டியாக மாறும். அதனால் ஃபோனை 70 சதவீத அல்கஹோல் துணியால் இடைக்கிடை துடையுங்கள், சாப்பிடும்போது தள்ளி வையுங்கள், போதும். ஒரே சவர பிளேடையும் ஈரத் துவாயையும் வீட்டில் இரண்டு மூன்று பேர் பாவிப்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை. சவரம் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமிக்கு அந்த வாசல் போதும்.

கண்ணில் போடும் கொண்டாக்ட் லென்ஸ் இன்னொரு வாசல். லென்ஸ் போடும் பிள்ளைகள் பலர் அதன் சின்ன டப்பாவைப் பைப் தண்ணீரில் அலசுகிறார்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர்தானே என்று நினைக்கிறார்கள். அகாந்தமீபா என்று ஓர் அமீபா இருக்கிறது. அது மண்ணிலும் நீரிலும் எங்கும் உண்டு. நிலைமை சரியில்லாவிட்டால் இரட்டைச் சுவர் கொண்ட கூட்டுக்குள் அடங்கிவிடும். குழாய்நீரில் கலக்கும் குளோரீன் அதை ஒன்றும் செய்யாது. கருவிழியில் புகுந்தால் வலி தாங்க முடியாது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வையே போகலாம். இதைத் தேடும்போது ஊட்டமில்லாத அகார் என்ற கூழ்த் தட்டின் மேல் ஈ.கோலை பற்றீரியாவைப் பூசி, அதன்மேல் மாதிரியை வைப்போம். அமீபா இருந்தால் பற்றீரியாவைத் தின்றுகொண்டே நகரும். அது போன வழி தட்டில் தடமாகத் தெரியும். ஒரு தடவை அந்தத் தடத்தைப் பார்த்தவர் லென்ஸை ஒருபோதும் பைப்பில் பிடிக்க மாட்டார். லென்ஸுடன் குளிக்கவும் கூடாது, கடலில் இறங்கவும் கூடாது.

சரி, கடலுக்கு வருவோம்.

வெள்ளவத்தையில் மழை விட்ட மறுநாள் ரயிலில் போனால், கால்வாய் கடலில் சேரும் இடத்தில் கறுப்பும் பழுப்புமாக ஒரு பட்டை நீண்டிருப்பது தெரியும். நகரத்தின் வீதியும் வடிகானும் கழுவிய தண்ணீர் அது. கடல்நீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் எண்ணுவது குடலில் வாழும் என்டரோகொக்கஸ் பற்றீரியாவை. உப்பு நீரில் ஈ.கோலையை விட அது கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் வகுத்த அளவுகோலின்படி, குளிக்கும் நீரில் 100 மில்லிலீற்றருக்குச் சராசரியாக 35க்கு மேல் அது இருக்கக் கூடாது. பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கால்வாய் வாய்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கரை மணலை அளைந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வடை, கடலை.

கால்வாயே இல்லாத, கண்ணாடி போன்ற கடலிலும் விப்ரியோ என்ற பற்றீரியா இருக்கும். அது கழிவோடு வருவதில்லை. வெதுவெதுப்பான உப்பு நீரே அதன் வீடு. நம் கடலோ வருடம் முழுவதும் 27 பாகைக்குக் குறையாது என்றே சொல்லலாம். அந்த இனத்தில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது காயத்தின் வழியாகப் புகுந்தால் ஒரு நாளுக்குள்ளேயே வீக்கம், கொப்புளம், காய்ச்சல் என்று முற்றிவிடும். ஈரல் நோயாளிகளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் ஆபத்து மிக அதிகம்.

ஒருமுறை காலில் கட்டுப் போட்ட ஓர் ஐயா சீழ் மாதிரி கொடுக்க வந்தார். நெடுங்காலச் சீனி வருத்தம். விரலிடுக்கில் செருப்பு கடித்த சின்னப் புண்ணாம். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும் பிள்ளை, எங்கட அம்மா சொல்லுவா. அதான் நாலு நாளா பின்னேரத்தில கடல்ல காலை வச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அம்மாவைப் பற்றிய பிரியம்தான் இருந்தது. எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன், "ஐயா, வீட்டில் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீர் வேறு, கடல் வேறு. புண் காயும் வரைக்கும் கடலில் கால் வைக்காதீர்கள்." சீனி வருத்தத்தில் கால் மரத்துப் போவதால் புண் முற்றுவதை வலி கூடக் காட்டிக் கொடுக்காது. அதனால் தினமும் இரவு விரலிடுக்கைக் கண்ணால் பாருங்கள். வீட்டில் இப்படியானவர்கள் இருந்தால் நீங்கள் பாருங்கள். சிவப்பு பரவினாலோ கொப்புளம் வந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே வைத்தியரிடம் கடலில் இறங்கியதையும் சொல்லுங்கள். அந்த ஐயா பேச்சுக்கொடுத்ததால்தான் எனக்குத் தெரிந்தது. பரிசோதனைப் படிவத்தில் 'கால் புண்' என்று மட்டும் இருந்தது. விப்ரியோவைத் தேட எங்களிடம் தனியாக ஒரு பச்சை நிறத் தட்டு உண்டு. எல்லா மாதிரிக்கும் அதைப் போடுவதில்லை. படிவத்தில் 'கடல்நீர்' என்ற ஒரு சொல் இருந்தால் முதல் நாளே போட்டுவிடுவோம்.