பாணி குடித்தும் இரத்தம் ஏறாதது ஏன்?

மூதூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "பிள்ளைக்கு ஒண்டரை வயசு. கிளினிக்கில தந்த இரும்புப் பாணியை ரெண்டு மாசமாக் குடுக்கிறன். இரத்தம் ஏறேல்ல எண்டு சொல்லுறாங்க. மாமி நாவூறு எண்டு நூல் கட்டச் சொல்லுறா."

நூல் கட்டினால் கெடுதல் ஒன்றுமில்லை. நூலை நம்பிப் பாணியை நிறுத்தினால்தான் கெடுதல்.

ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். வயிற்றில் இருக்கும்போது தாய் கொடுத்த இரும்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். பிறகு சோறும் பருப்புத் தண்ணீரும் மட்டும் என்றால் இரத்தசோகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கு இது உண்டு.

ஆனால் பாணியே கொடுத்தும் ஏறவில்லையே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. உப்புக் கூடினால் சிறுநீரில் போகும். கூடிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு அப்படி ஒரு வழியே இல்லை. ஆகவே காவல் முழுவதும் உள்ளே வரும் இடத்தில். சிறுகுடலின் கலங்கள் இரும்பை வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கிருந்து இரத்தத்துக்குப் போக ஒரே கதவு, ஃபெரோபோர்ட்டின். ஈரல் சுரக்கும் ஹெப்சிடின், வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட பொடியன், வந்து அந்தக் கதவைப் பிடித்தால் போதும். கலம் தன் கதவைத் தானே உள்ளிழுத்துச் சிதைத்துவிடும். நாலைந்து நாளில் அந்தக் கலமும் உதிர்ந்து, சிக்கிய இரும்போடு மலத்தில் போய்விடும். பாணி குடிக்கும் பிள்ளைக்கு மலம் கறுக்கிறதே, அது பெரும்பாலும் உடம்பு எடுக்காமல் விட்ட இரும்புதான்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? கிருமிக்கும் இரும்பு வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் ஈரல் ஹெப்சிடினைக் கூட்டிவிடும். சண்டைக்காலத்தில், எதிரிக்குப் போய்விடும் என்று சாவடியில் சாமான்களை மறித்தது நமக்குத் தெரியும். பசி கிடந்தது நாங்கள். அதே கதைதான். அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்குக் கதவு பாதி நாளும் பூட்டு.

கிருமியைக் கொல்லும் பொருள் தேடியவர்கள் கண்ணில்தான் ஹெப்சிடின் முதலில் பட்டது. 2001இல் அந்தப் பெயரும் கிருமிக்கொல்லி என்ற எண்ணத்தில் வைத்ததுதான். இரும்புக்குக் காவல் அதுதான் என்பது பிறகுதான் தெளிவானது. "இதால் என்ன பயன்?" என்று முதலிலேயே கேட்டு நிதியை மறிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பாணிக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கு கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் போனால் பாணியும் வேலை செய்யும் என்பது என் கட்சி.

ஏறவில்லை என்று அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) என்றால் நிலைமை நேர்மாறு: ஹெப்சிடின் குறைந்து, இரும்பு தேவைக்கு மேல் சேரும். பாணி கொடுக்கும் நேரத்தை ஒட்டித் தேத்தண்ணி வேண்டாம்; சாயம் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சோற்றோடு முருங்கையிலையும் சூடை மீனும், மேலே தேசிக்காய்ப் புளி கொஞ்சம். காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்த நாட்களை எழுதிக்கொண்டு போய் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள்.