குவாலி: தேறிய ஆயுளாண்டு

பிரிட்டனில் இந்தப் புது மருந்துக்கு அரசு காசு கொடுக்கும், அதற்குக் கொடுக்காது என்று வரும் செய்திகளில் 'குவாலி' என்றொரு சொல் அடிபடும். கவ்வாலிப் பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'குவாலிட்டி அட்ஜஸ்டட் லைஃப் இயர்' என்பதன் முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள்.

கணக்கு எளிது. முழு நலத்தோடு வாழும் ஓராண்டு 1, சாவு 0, நோயோடு வாழும் ஆண்டு இடையில் எங்கோ. 0.6 மதிப்புள்ள முதுகுவலியோடு பத்தாண்டு வாழ்ந்தால் 6 குவாலி. அந்த 0.6 எங்கிருந்து வருகிறது? பேரம்தான். 'இந்த வலியோடு பத்தாண்டு இருக்கிறீர்களா, இல்லை ஒரு குறையுமில்லாமல் எட்டாண்டு போதுமா? சரி, ஏழு? ஆறு?' என்று கேட்டுக்கொண்டே போய், 'இரண்டும் ஒன்றுதான்' என்று ஆள் சொல்லும் இடத்தில் நிறுத்துவார்கள். இதில் பெரும்பாலும் நோயாளிகளை அல்ல, பொதுமக்களைத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெயருக்கு முன்பே கணக்கு வந்துவிட்டது. 1968இல் அமெரிக்காவில் கிளார்மனும் உடன் ஆய்வாளர்களும் சிறுநீரகச் சிகிச்சைச் செலவை ஒப்பிட்டபோது, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஓராண்டை டயாலிசிஸில் கழியும் ஒன்றேகால் ஆண்டுக்குச் சமமாக வைத்தார்கள். இன்றைய பெயர் 1976இல் செக்ஹவுசரும் ஷெப்பர்டும் எழுதிய கட்டுரையில் வந்தது. அப்புறம் எந்த மருந்துக்கு அரசு காசு கொடுக்கலாம் என்று பரிந்துரைக்க 1999இல் தொடங்கிய பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு அதை ஆட்சிமொழி ஆக்கியது. கூடுதலாகக் கிடைக்கும் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்பதுதான் நெடுங்காலம் அதன் வரம்பு. அமெரிக்காவிலோ முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் இப்படி வரம்பு வைப்பதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டது; உடற்குறையோடு வாழ்பவரின் ஆண்டை இந்தக் கணக்கு மட்டமாக மதிப்பிடுகிறது என்பதுதான் எதிர்ப்பவர்களின் வாதம்.

தமிழுக்கு வருவோம். 'வாழ்க்கைத் தரம் சரிசெய்யப்பட்ட ஆண்டு' என்று எழுதினால் இரண்டு இடத்தில் இடறும். வாழ்க்கைத் தரம் என்றதும் நமக்கு வருமானம், வீடு, வண்டிதான் நினைவுக்கு வரும். சரிசெய்வது என்றாலோ பழுது பார்ப்பது.

குவாலிட்டியின் மூலம் லத்தீன் 'குவாலிடாஸ்'. 'எப்படிப்பட்டது' என்ற கேள்விச் சொல்லிலிருந்து, கிரேக்கச் சொல் ஒன்றுக்கு ஈடாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஆக்கியது. அந்த வகையில் நம் 'தன்மை'தான் அதற்கு நெருக்கம். ஆனால் குவாலி செய்வது தன்மையைச் சொல்வதல்ல, தரம் பிரிப்பது. நிலத்தின் 'அ' பதிவேட்டில் 'மண் தரம்' என்றொரு கட்டம் உண்டு இல்லையா, தீர்வை போடுவதற்காக மண்ணைப் பிரித்து வைத்தது? அதே வேலைதான், மண்ணுக்குப் பதில் ஆயுள். ஆகவே தரம் இருக்கட்டும், வாழ்க்கையை விட்டுவிடலாம்.

'அட்ஜஸ்டட்' என்பதற்கு நான் இலங்கைக் கணக்குப் பாடநூல்களிடம் கடன் வாங்குவேன். நாம் நிகர லாபம் என்பதை அவர்கள் 'தேறிய இலாபம்' என்கிறார்கள். கழிக்க வேண்டியதைக் கழித்து மிஞ்சியது. காய்ச்சல் விட்டு எழுந்தவரை 'உடம்பு தேறிவிட்டது' என்பதும் இதே சொல்தான். கணக்கும் உடம்பும் ஒரே வினையில் சேர்வது வேறெந்த மொழிபெயர்ப்பிலும் கிடைக்காது. ஆகவே 'தரம் கழித்துத் தேறிய ஆயுளாண்டு'. பேச்சில் 'தேறிய ஆண்டு' போதும்.

நண்பர் ஒருவர் மடக்கினார்: சாவை விட மோசம் என்று மக்கள் சொல்லும் நிலைகளும் உண்டே, உடல்நிலைகளுக்கு மதிப்புப் போட்ட பிரிட்டனின் பழைய அட்டவணையில் ஆக மோசமான கடைசி நிலைக்கு மைனஸ் 0.594 போட்டிருக்கிறார்களே, அங்கே என்ன தேறும் என்று. அதற்கும் அதே பாடநூலில் சொல் இருக்கிறது: தேறிய நட்டம்.