எங்கே வெட்டுவது? பேக்கப் டிஸ்க்கில் கிளஸ்டரும் துண்டும்

தணிக்கை அலுவலகம் ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் கேட்டிருக்கிறார்: “விண்டோஸ் சர்வரில் பேக்கப்புக்குப் புது டிஸ்க் போடுகிறோம். டீடூப்ளிகேஷனும் வைக்கப்போகிறோம். ஃபார்மட் செய்யும்போது கிளஸ்டர் அளவு 4 கிலோபைட்டா, 64 கிலோபைட்டா? சின்னதாக வைத்தால் ஒரே மாதிரியான துண்டுகள் நிறைய அகப்படும்தானே?”

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிளஸ்டர் வேறு, டீடூப்ளிகேஷன் (ஒரே தரவை இருமுறை எழுதாமல் இடத்தை மிச்சப்படுத்துவது) வெட்டும் துண்டு வேறு.

கிளஸ்டர் என்பது ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை) இடம் ஒதுக்கும் மிகச்சிறிய அளவு. 64 கிலோபைட் கிளஸ்டரில் 1 கிலோபைட் ஃபைலை வைத்தாலும் 64 போய்விடும் (சில நூறு பைட் மட்டுமே உள்ள ஃபைல்களை விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் அட்டவணைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அது விதிவிலக்கு). சராசரியாக ஃபைலுக்கு அரை கிளஸ்டர் வீண். பத்து லட்சம் சின்ன ஃபைல்கள் இருந்தால் கிட்டத்தட்ட 32 கிகாபைட் வீணாகும். பேக்கப் டிஸ்க்கில் இருப்பதோ நூறு, இருநூறு ராட்சத ஃபைல்கள். அங்கே வீணாவது சில மெகாபைட், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், விண்டோஸ் கிளஸ்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. அதனால் 4 கிலோபைட் கிளஸ்டரில் ஒரு வால்யூம் 16 டெராபைட்டோடு நின்றுவிடும், 64-ல் 256 டெராபைட் வரை போகும்.

சரி, துண்டுக்கு வருவோம். டீடூப்ளிகேஷன் செய்வது இதுதான்: தரவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் (துண்டின் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட்டு, அதே ஹாஷ் ஏற்கெனவே இருந்தால் துண்டைத் திரும்ப எழுதாமல் “அங்கே இருக்கிறது” என்று குறித்துவைப்பது. அப்படியானால் எந்த இடத்தில் வெட்டுவது?

அளவெடுத்து வெட்டுவது சுலபம். 0-வது பைட்டில் ஆரம்பித்து 8192 பைட்டுக்கு ஒரு வெட்டு. ஆனால் ஃபைலின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். பின்னால் உள்ள எல்லாம் ஒரு பைட் நகரும். எந்தத் துண்டும் பழைய துண்டோடு பொருந்தாது. 10 கிகாபைட் ஃபைலில் ஒரு பைட் சேர்ந்ததற்கு மொத்த 10 கிகாபைட்டும் புதிதாகத் தெரியும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அடிக்கோல் வைத்துக் கரும்பை வெட்டுவதற்குப் பதில் கணு பார்த்து வெட்டுவது போன்றது அது. வெட்டும் இடத்தைத் தரவே சொல்ல வேண்டும். 2001-ல் எம்ஐடி, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெதுவான நெட்வொர்க்குக்காக எல்பிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கினார்கள். அது 48 பைட் அகலமுள்ள ஒரு சன்னலைத் தரவின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகும். சன்னலுக்குள் தெரியும் 48 பைட்டுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் கடைசி 13 பிட்கள் முன்பே முடிவுசெய்த ஒரு மதிப்பாக இருந்தால், அங்கே வெட்டு. 2-ன் அடுக்கு 13 என்றால் 8192. ஆக, சராசரியாக 8 கிலோபைட்டுக்கு ஒருமுறை இது நடக்கும்.

ஒவ்வோர் அடிக்கும் 48 பைட்டையும் மறுபடி கணக்கிட வேண்டாமா என்றால், வேண்டாம். வெளியேறும் பைட்டின் பங்கைக் கழித்து, உள்ளே வரும் பைட்டின் பங்கைச் சேர்த்தால் போதும். சன்னல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஓர் அடிக்கு வேலை அதே அளவுதான்.

இப்போது நடுவில் ஓர் எழுத்தைச் செருகுங்கள். அந்த எழுத்து சன்னலுக்குள் இருக்கும்வரைதான் எண்கள் மாறும். சன்னல் அதைக் கடந்ததும் பழைய 48 பைட், பழைய எண், பழைய வெட்டு. பெரும்பாலும் ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு, மூன்று துண்டுகள்தான் புதியவை. மற்றவை எவ்வளவு நகர்ந்திருந்தாலும் அப்படியே அடையாளம் காணப்படும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: முழுக்கப் பூஜ்யங்களாக உள்ள ஃபைலில் எல்லாச் சன்னலும் ஒரே எண்ணைத் தரும். எல்லா இடத்திலும் வெட்டும், அல்லது எங்கேயுமே வெட்டாது. அதற்காகத்தான் ஒரு துண்டு 2 கிலோபைட்டுக்குக் குறையாமல், 64-க்கு மிகாமல் என்று எல்லை வைத்தார்கள்.

அந்தச் சன்னல் எண்ணுக்கான கணிதம் 1981-ல் கணினி அறிவியலாளர் மைக்கேல் ராபின் ஹார்வர்டில் எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து வருகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பகாப் பல்லுறுப்புக்கோவையால் (மேலும் காரணிகளாகப் பிரிக்க முடியாத கோவை) தரவை வகுத்தால் கிடைக்கும் மீதியே அது. பேக்கப்புக்காக அவர் அதை எழுதவில்லை. இன்று ரெஸ்டிக் என்ற இலவச பேக்கப் மென்பொருள் அதே கணிதத்தை வைத்துத்தான் வெட்டுகிறது. கணித ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் முன் ‘இதனால் உடனடிப் பயன் என்ன’ என்று எழுதிக்காட்டச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. 1981-ல் அப்படிக் கேட்டிருந்தால் ‘2001-ல் சொல்கிறோம்’ என்றா எழுத முடியும்?

துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதா? இல்லை, ஒவ்வொரு துண்டையும் பட்டியலில் வைத்தாக வேண்டும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் பழைய டீடூப்ளிகேஷன் பட்டியலில் ஒரு பதிவுக்குச் சுமார் 320 பைட் நினைவகம் ஆகும் என்பது வழக்கமான கணக்கு. 1 டெராபைட்டை 128 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் 84 லட்சம் பதிவுகள், ஏறக்குறைய 2.5 கிகாபைட் ரேம். 4 கிலோபைட்டாக வெட்டினால் 80 கிகாபைட்! சராசரித் துண்டை ரெஸ்டிக் 1 மெகாபைட்டுக்கு அருகிலும் போர்க் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் 2 மெகாபைட்டுக்கு அருகிலும் வைத்திருப்பது இதனால்தான்.

இனி வாசகரின் டிஸ்க். விண்டோஸ் சர்வரின் டீடூப்ளிகேஷன் 32 முதல் 128 கிலோபைட் வரை மாறும் அளவில் வெட்டித் தனிக் கிடங்கில் சேர்க்கிறது. கிளஸ்டர் 4 ஆனாலும் 64 ஆனாலும் வெட்டும் இடம் மாறாது. மாறுவது வேறொன்று. பெரிய பேக்கப் ஃபைலின் பகுதிகள் டிஸ்க்கில் சிதறச் சிதற, எந்தப் பகுதி எங்கே என்று என்டிஎஃப்எஸ் எழுதிவைக்கும் குறிப்பு நீண்டுகொண்டே போகும். அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொட்டுவிட்டால் ஃபைல் மேற்கொண்டு வளராது. கிளஸ்டர் பெரிதானால் சிதறல் குறையும். ஃபார்மட் கட்டளையோடு ‘/எல்’ சேர்த்தால் ஒவ்வொரு ஃபைல் பதிவும் 1 கிலோபைட்டுக்குப் பதில் 4 கிலோபைட்டாகும், குறிப்பெழுத இடம் கூடும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். 4 கிலோபைட்டுக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த கம்ப்ரஷன் வேலை செய்யாது. டீடூப்ளிகேஷனே துண்டுகளைச் சுருக்கிவைப்பதால் அது இழப்பில்லை.

விண்டோஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான ரீஎஃப்எஸ் என்றால் கதை வேறு. அங்கே பிளாக் குளோனிங் (தரவை நகலெடுக்காமல் அதே கிளஸ்டர்களை இன்னொரு ஃபைலும் பகிர்ந்துகொள்வது) கிளஸ்டர் எல்லையில்தான் நடக்கும், ஆகவே கிளஸ்டரே வெட்டுக்கோடு. வீம் என்ற பேக்கப் மென்பொருள் வழக்கமாக 1 மெகாபைட் பிளாக்கைச் சுருக்கி எழுதுகிறது. அது பாதியாகச் சுருங்கினால், 64 கிலோபைட் எல்லைக்கு நிரப்ப சராசரியாக 32 கிலோபைட், அதாவது 6 சதவீதம் வீண். 4 கிலோபைட் கிளஸ்டரில் அரை சதவீதம்கூட ஆகாது. இருந்தும் வீம் 64-ஐத்தான் பரிந்துரைக்கிறது, கணக்கு வைக்க வேண்டிய கிளஸ்டர்கள் பதினாறில் ஒரு பங்காகிவிடுவதால். அந்த 6 சதவீதம் கொடுக்கத்தக்க விலை என்பதே என் கருத்தும்.

ஆகவே 64. அலுவலகத்தின் அன்றாட எக்செல், பிடிஎஃப் ஃபைல்களை அதே டிஸ்க்கில் நேரடியாகப் போடாமல் அவற்றுக்கு 4 கிலோபைட்டில் தனி வால்யூம் வையுங்கள். பேக்கப் மென்பொருளில் என்கிரிப்ஷன் போட்டிருந்தால், அது டீடூப்ளிகேஷனுக்கு முன்னால் நடக்கிறதா என்று பாருங்கள். முன்னால் நடந்தால் ஒரே தரவும் ஒவ்வொரு முறையும் வேறாகத் தெரியும், ஒரு துண்டும் பொருந்தாது. இதையெல்லாம் முதல் பேக்கப் ஓடும் முன்பே முடித்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு கிளஸ்டர் அளவை மாற்ற டிஸ்க்கைக் காலி செய்து மறுபடி ஃபார்மட் செய்வதுதான் விண்டோஸ் தரும் வழி.