பையில் பதினோரு ஈசிஜி

அவருக்கு நாற்பது வயது இருக்கும். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி. (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கொண்டுவந்த மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். பதினோரு ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு ட்ரெட்மில், ஒரு எண்டோஸ்கோபி. ஓசூர், சேலம், பெங்களூரு என்று மூன்று ஊர் பார்த்த ரிப்போர்ட்டுகள். எல்லாம் நார்மல். பேசப் பேசவே இரண்டு விரல் கழுத்து நாடியைத் தேடிப் போனது.

"ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார். அப்ப இந்தப் படபடப்பு எங்கிருந்து வருது?"

நியாயமான கேள்வி. படபடப்பு பொய்யில்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். அதை நாடி பிடித்து எண்ண உட்கார்ந்தால் இன்னும் ஏறும். கழுத்து நெறியைப் புற்றுநோய் என்று பயந்து, நாளெல்லாம் அமுக்கிப் பார்த்தே வலியை வரவழைத்துக்கொண்ட ஒரு பெண்ணும் என்னிடம் வந்திருக்கிறார்.

ரிப்போர்ட் நார்மல் என்றால் எத்தனை நாள் நிம்மதி என்று கேட்டேன்.

"நாலு நாள் சார். அப்புறம் மிஷின் சரியில்லையோன்னு தோணும்."

வியாதியே அந்த ஐந்தாவது நாளில்தான் இருக்கிறது. இதில் டாக்டர்களான எங்கள் ஆட்களின் பங்கும் உண்டு. 'எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடலாம்' என்று எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். உட்கார்ந்து பேச அரை மணி வேண்டும். ரிப்போர்ட் நார்மல் என்றாலும் நோய் இருக்குமோ என்று ஓயாமல் பயப்படும் இந்த வியாதிக்கு 'ஹைப்போகாண்ட்ரியா' என்றொரு பழைய பெயர் உண்டு. கேலிப் பேச்சாகிவிட்டதால், 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு அந்தப் பெயரையே கைவிட்டது.

அவருக்குச் சொன்னது இவ்வளவுதான். நாடி பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள், அப்புறம் இருபது. ஒரே டாக்டர், மாதம் ஒருமுறை, பயம் வந்தாலும் வராவிட்டாலும். புதிதாக ஏதாவது வந்தால், நடக்கும்போது நெஞ்சை அடைத்தால், அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். மாத்திரையும் கொடுத்தேன், அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று ராத்திரியில் கேட்டால் ஒருமுறை பதில் சொல்லுங்கள், ஐந்தாவது முறை வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்குத்தான் அது பெரிய கஷ்டமாக இருந்தது.

நேரில் வரத் தயங்குகிறவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், இலவசம்.

போன மாதம் வந்தபோது பையைக் காணோம். பேச்சின் நடுவே ஒருமுறை கை கழுத்துக்குப் போனது. காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டது.